ரோவன் வளராத ஊரில் ரோவன் காப்பு

சூனியம் அண்டாமல் இருக்க வீட்டில் வைக்கும் பிரிட்டிஷ் கிராமத்துக் காப்புகளை இணையத்தில் பார்த்துவிட்டு, அதையே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது ரோவன் மரத்தில்தான்.

ஸ்காட்லாந்தில் வாசல் நிலைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் மேலே வைத்த காப்பு ரொம்ப எளியது: இரண்டு ரோவன் குச்சி, கொஞ்சம் சிவப்பு நூல். மே முதல் தேதியை ஒட்டிய பெல்டேன் நாளில் கட்டுவார்கள். மாட்டு வாலிலும் கட்டுவது உண்டு. சூனியக்காரி பாலைக் கவர்ந்துவிடுவாள், மடி வற்றும், கடைந்தால் வெண்ணெய் திரளாது என்பதுதான் பயம். தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மாடு வைத்திருந்த பாட்டிமார்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கறந்த பாலை முந்தானையால் மூடாமல் அவர்கள் தெருவைத் தாண்டியதில்லை.

ரோவன் குளிர்நாட்டு மரம். விதை முளைக்கவே சில மாதக் குளிர் வேண்டும், செம்பனைக் காட்டுச் சூட்டில் நடக்காத காரியம். ஒரு காம்பில் 9 முதல் 15 சிற்றிலைகள் இருக்கும், பழம் கொத்தாகச் சிவக்கும். பழத்தைக் கவிழ்த்தால், காம்புக்கு எதிர்ப்பக்கத்தில் ஐந்து முனை நட்சத்திரம் மாதிரி ஒரு தழும்பு தெரியும். அந்த நட்சத்திரத்தையும் பழத்தின் சிவப்பையும் காட்டித்தான் அதைக் காப்பு மரம் என்கிறார்கள். இலையும் பழமும் இல்லாமல், காய்ந்த குச்சியை மட்டும் பொட்டலம் கட்டி விற்றால் அது ரோவனா வேறெதுவா என்று சொல்வது கஷ்டம். அதற்கு ரிங்கிட் கொடுப்பது வீண். வெளிநாட்டிலிருந்து நீங்களே கொண்டுவருவதானால், முதலில் செடி இறக்குமதி அனுமதி பற்றி விசாரியுங்கள்.

சிவப்புதானே வேண்டும் என்று குன்றிமணியைக் கோத்துத் தொங்கவிடாதீர்கள். ஓடு முழுசாக இருக்கும்வரை நஞ்சு உள்ளேயே அடைந்திருக்கும். துளை போட்டால் அப்ரின் என்ற அந்த நஞ்சு வெளியே வர வழி திறந்துவிடுகிறது. தொட்டில் பக்கம் அந்த மாலை கூடவே கூடாது.

வேப்பங்குச்சியில் செய்யலாம். அதை ரோவன் என்று சொல்லாமல் வேம்பு என்றே சொல்வதுதான் நேர்மை. பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் இரண்டு குச்சி எடுங்கள். இரும்பு படாமல் கையால் ஒடிப்பது பழைய வழக்கம். ஒடித்த கையோடு கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பச்சைக் குச்சி காயக் காயச் சுருங்கும், ஒரு மாதத்தில் நூல் தளர்ந்து குச்சி நழுவிவிடும். இரண்டு வாரமாவது நிழலில், காற்றோட்டமான இடத்தில் காயட்டும். பிறகு நடுவில் குறுக்காக வைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நான்கு சுற்று, மற்ற மூலைகளுக்கு நான்கு சுற்று, கடைசியில் இரண்டு குச்சிக்கும் நடுவே இரண்டு சுற்று இறுக்கி முடிச்சு. ஒரு மீட்டர் நூல் போதும். கம்பளி நூல் என்றால் பிடிப்பு நல்லது. மலிவான பருத்தி நூலின் சாயம் மழைச் சாரலில் வடிந்து சுவரில் கோடு போடும். இது மாதா கோயில் சிலுவை இல்லையா என்று மாமியார் கேட்டால், நான்கு கையும் ஒரே நீளம், கூட்டல் குறி என்று சொல்லுங்கள்.

இரும்பும் ஒரு காப்பு, அதற்கு இங்கே பஞ்சமில்லை. அங்கே குதிரை லாடம், தொட்டிலில் கத்தி, கால்மிதிக்கு அடியில் திறந்து வைத்த கத்தரிக்கோல். இங்கே பழைய ரப்பர் பால்வெட்டுக் கத்தி போதும். குதிரை லாடத்தைவிட அதுதான் இந்த ஊருக்குப் பொருத்தம் என்பேன். நம் ஈரக் காற்றில் துருப்பிடிக்கும். துருவைத் தேய்த்து எடுத்து, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவி, முனை சுவரைப் பார்க்க நிலைக்கு மேலே வையுங்கள்.

இனி சூனியப் புட்டி. விஷயமே தெரியாமல் அதிகம் பேர் செய்வது இதைத்தான். 2004-இல் லண்டன் கிரீனிச்சில் 17-ஆம் நூற்றாண்டுக் கல்மண் ஜாடி ஒன்று, அடைத்த மூடி அடைத்தபடியே கிடைத்தது. உள்ளே சிறுநீர், இரும்பு ஆணிகள், பித்தளை ஊசிகள், முடி, நகத்துண்டு, கந்தகம், ஆணி குத்திய இதய வடிவத் தோல். வீட்டுக்குச் செல்வம் சேர்க்க வைத்தது இல்லை அது. ஜாடிதான் சூனியக்காரியின் மூத்திரப்பை, ஊசிகள் அவளுக்கு வலி. நோய்ப்பட்டவரின் சிறுநீரால் நோயைத் திருப்பி அனுப்பும் வைத்தியம். ஜோசப் பிளாக்ரேவ் என்பவர் 1671-இல் இதை அச்சில் எழுதியிருக்கிறார்.

இப்போது சிறுநீருக்குப் பதில் வினிகர் ஊற்றச் சொல்கிறார்கள். அங்கேதான் கோளாறு. வினிகரின் அமிலம் இரும்பு ஆணியைத் தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வரும். மெழுகு ஊற்றி இறுக மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் அழுத்தம் ஏறி, மூடி தெறிக்கும், சமயத்தில் புட்டியே வெடிக்கும். மூடியபடி அடுப்பில் வைப்பது அதைவிட மோசம். செய்தே ஆக வேண்டும் என்றால் ஈரம் எதுவும் வேண்டாம். உலர்ந்த ஆணி, ஊசி, எலுமிச்சை முள், கல்லுப்பு. அவ்வளவுதான்.

நடுவில் துளை விழுந்த கல்லும் அங்கே ஒரு காப்பு. அந்த ஓட்டைக்கல்லுக்குத் தீவுப் பக்கம் போய்ப் பவளக்கல் பொறுக்காதீர்கள், கடல் பூங்காக்களில் அது குற்றம். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல்லை மழைநீரே அரித்துத் துளை போடுகிறது. ஆற்றோரத்தில் தேடினால் கிடைக்கும். துளை தானாக விழுந்திருக்க வேண்டும், டிரில் போட்ட கல் கணக்கில்லை. அங்கே கட்டில் தலைமாட்டிலும் லாயத்திலும் தொங்கவிட்டார்கள், இரவில் குதிரையைச் சூனியக்காரி ஓட்டிக் களைக்க வைக்காமல் இருக்க.

ஹாதார்ன் என்ற முள்மரத்தின் பூவை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பார்கள். அதில் டிரைமெத்திலமைன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அழுகும் சதையிலும் வரும் வாடை அது. சாவு வீட்டு நினைவு வராமல் என்ன செய்யும்? கெம்போஜா பூ வாசம் ராத்திரியில் வந்தால் பொந்தியானாக் என்ற பெண் பேய் வந்துவிட்டது என்று நடுங்கும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்.

புட்டியைப் புதைக்கும் இடம் அங்கே அடுப்பங்கல்லுக்கோ வாசற்படிக்கோ அடியில். லயத்து வீட்டில் சிமெண்டைப் பெயர்க்க முடியாது, பூச்சட்டி மண்ணில் முழுக்க மூழ்கும்படி புதையுங்கள். கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு மூடியும் கழன்றால் மழைநீர் தேங்கி டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரி வந்தால் அபராதச் சீட்டு உங்கள் பெயரில்தான்.