வீக்கம் குறையும் ஊசி

யங்கூனில் 22 ஆண்டுகளாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களின் பிள்ளைகள் சீட்டுடனும் சீட்டு இல்லாமலும் வந்து "நரம்புக்குச் சத்து ஊசி" கேட்டால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அது மூளைக்குள் போய் என்ன செய்கிறது என்று எவரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் படுத்த படுக்கையானபோது, அதே ஊசியை என் கடையிலிருந்து நானே எடுத்துப் போனேன்.

அண்ணனுக்கு அப்போது 58 வயது. பேயின்நவுங் மொத்தச் சந்தையில் உளுந்துத் தரகு பார்த்து வந்தார். பர்மியப் புத்தாண்டான திஞ்சான் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு விடியற்காலை ஐந்து மணிக்கு அண்ணி தொலைபேசியில் அழுதார்: வலது கை துவண்டு கிடக்கிறது, வாய் கோணியிருக்கிறது, பேச்சு வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். அதில் இருபது நிமிடம் போயிற்று. பெரிய இரத்தக் குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். அந்தக் காலையில் அது எனக்குத் தெரிந்திருந்தால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டிருப்பேன்.

மருத்துவமனையில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, அவரைக் கடைசியாக நல்ல நிலையில் பார்த்தது எத்தனை மணிக்கு என்பது. இரவு பத்து மணிக்கு அவர் தானே கொசுவலையைக் கட்டிக்கொண்டு படுத்தார் என்றார் அண்ணி. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு உரிய நான்கரை மணி நேரத்தை அந்தப் பத்து மணியிலிருந்துதான் எண்ணுகிறார்கள் என்பதால், கண் விழிக்கும் முன்பே எங்கள் கெடு முடிந்திருந்தது. உறக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு எம்ஆர்ஐ படம் பார்த்து அம்மருந்தைக் கொடுக்கும் முறையும், குழாய்க்குள் கருவியைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறையும் இருக்கின்றன; அந்த நேரத்தில் அந்த இடத்தில் இரண்டும் எங்களுக்கு வாய்க்கவில்லை. சிடி ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதியானதும், மூக்குக் குழாய் வழியாக ஆஸ்பிரினைக் கரைத்துக் கொடுத்தார்கள்.

முதல் நாள் நான் சண்டை போட்டது இரத்த அழுத்தத்துக்காக. கருவியில் 190க்கு 105 என்று தெரிகிறது, ஒரு மாத்திரைகூடத் தரவில்லை. கடையில் அந்த எண்ணோடு யாராவது வந்தால் நானே பதறிப்போய் மருத்துவரிடம் அனுப்புவேன். எங்களைக் கவனித்த நரம்பியல் மருத்துவர் ஒரு பர்மியப் பெண்; பெண் மருத்துவரை அழைக்கும் பர்மியச் சொல்லால் சயாமா என்றுதான் அழைத்தோம். அவர் பொறுமையாக விளக்கினார். அடைப்புக்கு நேர் கீழே உள்ள பகுதி நிமிடங்களில் செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதியோ வேலை செய்வதை நிறுத்திவிட்டு, பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் கொஞ்ச இரத்தத்தைக் குடித்துக்கொண்டு உயிரோடு கிடக்கும். கரைக்கும் மருந்து கொடுக்காத நிலையில், அழுத்தம் 220க்கு 120 என்ற அளவைத் தாண்டாதவரை முதல் ஓரிரு நாட்கள் அதை அப்படியே விட்டுவைப்பதற்குக் காரணம், அந்தக் கொஞ்ச இரத்தமும் நின்றுவிடக் கூடாது என்பதே. இருபது ஆண்டு அனுபவத்தை நான் அந்த அறைக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

இரண்டாம் நாள் மாலையில் அண்ணன் கூப்பிட்டால் கண் திறக்கத் தாமதித்தார். மறுபடி எடுத்த ஸ்கேனில் இடப்பக்க மூளை வீங்கி, மூளையின் நடுக்கோட்டைச் சற்றே வலப்பக்கம் தள்ளியிருந்தது. தலைமாட்டை முப்பது பாகை உயர்த்தினார்கள், வீங்கிய மூளையிலிருந்து நீரை இழுக்கும் மானிட்டால் மருந்தை ஏற்றினார்கள். மருந்தளவுக்காக எடை கேட்டபோது அண்ணி "43 வீசை" என்று சந்தைக் கணக்கில் சொன்னார். பர்மாவில் இன்றும் புழங்கும் அளவுதான் என்பதால் செவிலிப் பெண் சிரிக்காமல் 70 கிலோ என்று எழுதிக்கொண்டார்.

அன்றிரவு எங்கள் வீட்டுக் குழப்பம் முழுவதும் ஒரே சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாம் வீக்கம் என்ற ஒரு சொல்லால் நீர்கோத்து உப்புவதையும் சொல்கிறோம், அழற்சியையும் சொல்கிறோம். அண்ணியின் தாய்மாமாவுக்கு மூளையில் கட்டி வந்து மோலமைன் நகரில் படுத்திருந்தபோது, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்ட மறுநாளே எழுந்து உட்கார்ந்தாராம். "அதே வீக்கம் குறையும் ஊசியை இவருக்கும் போடச் சொல்லு, நீ மருந்துக்காரிதானே" என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். சயாமா மறுத்தார். கட்டியைச் சுற்றி வரும் நீர்க்கோப்பில் ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்யும்; இரத்தம் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கும் அணுக்கள் நீரை உறிஞ்சி வீங்குவதில் அதனால் பயன் இல்லை, சர்க்கரை ஏறுவதும் தொற்று வருவதுமே மிச்சம் என்றார். தலைக்காயத்திலும் இதே நம்பிக்கைதான் இருந்தது. பத்தாயிரம் பேரைச் சேர்த்து நடத்திய கிராஷ் என்ற ஆய்வின் முடிவு 2004ஆம் ஆண்டில் வெளியானபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21 விழுக்காடு, பெறாதவர்களில் 18 விழுக்காடு என்று தெரியவந்தது. அதுவரை எத்தனை நாட்டு மருத்துவமனைகளில் நல்லெண்ணத்தோடு அந்த ஊசியைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

அழற்சியையாவது அடக்கக் கூடாதா என்று நான் விடவில்லை. மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்கள் மூளைக்குள்ளேயே இருக்கின்றன. அடைப்பு ஏற்பட்ட சில மணி நேரத்தில் அவை கிளர்ந்து இரசாயனங்களை வெளியிடுகின்றன. குழாய்ச் சுவர் தளர்ந்து இரத்தத்தின் வெள்ளணுக்களும் உள்ளே புகுகின்றன. அதில் பிழைத்திருக்கும் நரம்பணுக்களும் அடிபடுகின்றன என்பது உண்மை. ஆனால் செத்த அணுக்களை அள்ளிச் சுத்தம் செய்து, பின்வரும் வாரங்களில் பழுதுபார்க்க வழிசெய்வதும் அதே மைக்ரோகிளியாதான். அண்ணன் தொழிலில் இதற்கு ஒப்பு உண்டு: உளுந்துக் கிடங்கில் தீப்பிடித்தால், அணைக்க வருபவர்கள் ஊற்றும் தண்ணீரில் பாதி மூட்டை ஊறிக் கெடும், அதற்காக அவர்களைத் தெருவிலேயே நிறுத்திவைக்க முடியாது.

பிறகு சத்து ஊசி. சென்னையில் இருக்கும் அண்ணன் மகன் "நரம்பணுக்களைக் காக்கும் மருந்து" என்று சிட்டிகோலின் பெயரை அனுப்பினான். என் கடையில் அது பெட்டி பெட்டியாக இருந்தது. பத்துக் குப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சயாமா பையைப் பார்த்துவிட்டு, "அமா (அக்கா), இது பெரிதாகக் கெடுக்காது, ஆனால் இந்தப் பணத்துக்கு இரவில் உடன் இருக்க ஓர் ஆளை வைக்கலாம்" என்றார். மறுநாள் தேடிப் படித்தேன். 2,298 நோயாளிகளிடம் சிட்டிகோலினைச் சோதித்த ஐரோப்பிய ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளியாகியிருக்கிறது. ஒப்பிடக் கொடுத்த போலி மருந்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. எலியில் நன்றாக வேலை செய்த என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வில் நம்பிக்கை தந்து, மறு ஆண்டே அதைவிடப் பெரிய ஆய்வில் தோற்றிருக்கிறது. எலிக்கு அடைப்பு வந்த நிமிடத்தை ஆய்வாளர் அறிவார். எங்கள் வீட்டிலோ கொசுவலைக்குள் என்ன நேரத்தில் வந்தது என்று எவருக்கும் தெரியாது. அந்த வேறுபாடு ஒன்றே எனக்குப் பாதி விளக்கமாகப் பட்டது.

பத்துக் குப்பிகளும் பையிலேயே இருந்தன. அண்ணனின் மூளைக்குக் காவலாக அடுத்த நான்கு நாட்கள் நாங்கள் செய்ததெல்லாம் மூன்று காரியங்கள்: காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் செவிலியர்கள் இந்த மூன்றை மட்டும் நெறிப்படி கவனித்ததில், மூன்று மாத முடிவில் இறந்தோ பிறரை நம்பியோ இருந்தவர்கள் 58 விழுக்காட்டிலிருந்து 42 ஆகக் குறைந்தனர் என்று 2011ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. காய்ச்சலில் பசித்த அணு இன்னும் அதிகம் பசிக்கும். சர்க்கரை ஏறினால் அதே அணுவில் அமிலம் கூடும். தப்பாக விழுங்கியது நுரையீரலுக்குப் போனால் காய்ச்சல் வரும்.

கடைசியது எங்களுக்கே நேர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் பெரியம்மா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டு வந்து, நான் கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு கரண்டி வாயில் விட்டுவிட்டார். அண்ணன் இருமி இருமி நீலம் பாரித்தார். மாலையில் காய்ச்சல் 101 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. பெரியம்மாவை யாரும் திட்டவில்லை. அவர் தாமாகவே இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஏப்ரல் வெயில் வெளியே 40 பாகை செல்சியஸைத் தொட்டுக்கொண்டிருந்தது, மின்சாரம் போய்ப் போய் வந்தது, ஜெனரேட்டர் பிடிக்கும் வரை மின்விசிறி நிற்கும். பாரசிட்டமாலைக் குழாயில் கரைத்து ஊற்றி, ஈரத் துணியால் துடைத்து, பனை விசிறியால் முறைபோட்டு வீசி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பத்தையும் சர்க்கரையையும் என் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினோம். சர்க்கரை 260 இருந்தது இன்சுலினில் 160க்கு வந்தது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. வீக்கம் இன்னும் கூடினால் இடப்பக்க மண்டையோட்டை ஒரு பெரிய துண்டாக வெட்டியெடுத்து மூளைக்கு இடம் விட வேண்டியிருக்கும் என்று சயாமா முன்னதாகவே சொல்லி, அண்ணியிடம் ஒப்புதல் தாளை விளக்கியிருந்தார். அறுபது வயதுக்கு உட்பட்டவர்களிடம் இரண்டு நாளுக்குள் செய்த மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அறுவை செய்யாதவர்களில் நூற்றுக்கு 29 பேர் பிழைத்த இடத்தில், செய்தவர்களில் 78 பேர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் பிழைத்தவர்களில் பலர் நடக்க முடியாமல் இருந்தார்கள். அண்ணி கையெழுத்துப் போட மறுக்கவும் இல்லை, போடவும் இல்லை. தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் அண்ணன் பெயர் சொல்லி அழைத்ததும் கண் திறந்தார். ஆறாம் நாள் ஸ்கேனில் நடுக்கோடு மேலும் நகரவில்லை. தாள் வெற்றாகவே திரும்பிப் போனது.

இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். வலது கை விரல்கள் இன்னும் பிடிக்கவில்லை. பேச்சில் முதலில் திரும்பியது தமிழ் அன்று, சந்தையில் மூட்டை எண்ணிய பர்மிய எண்கள்: தித், நித், தோன், லே, ஙா. அண்ணியின் பெயரைச் சொல்ல அவருக்கு மேலும் இரண்டு மாதம் ஆனது. அந்தப் பத்துக் குப்பிகளைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போனேன். சத்து ஊசி கேட்டு வருபவர்களுக்கு இப்போதும் மறுப்பதில்லை. ஆனால் பெட்டியைத் திறக்கும் முன், நோயாளிக்கு வாய்வழியாக என்ன கொடுக்கிறீர்கள், காய்ச்சல் எவ்வளவு என்று கேட்கிறேன். பாதிப் பேர் வெப்பமானி வாங்கிக்கொண்டு போகிறார்கள்.