அளவு இல்லாத மூன்று மாதம்: ஆய்வேட்டுப் படங்களை டிக்ஸில் வரைந்த அனுபவம்

சோழவந்தான் பக்கம் எட்டுக் கிணறுகளில் மாதாமாதம் நீர்மட்டம் அளந்து, அதை வைகை அணையின் மட்டத்தோடு ஒப்பிட்டு எழுதியது என் ஆய்வேடு. முதல் வரைவில் பத்தொன்பது படங்கள் இருந்தன. எல்லாம் எக்செலில் வரைந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆய்வேட்டைக் கட்டளைகளாக எழுதி அச்சுக்கோக்கும் லேடெக் (LaTeX) கோப்பில் ஒட்டியவை.

கைடு மேடம் மூன்றாவது படத்தில் விரலை வைத்தார். "இந்தக் கெணத்துல மூணு மாசம் அளவு எடுக்கலைன்னு நீயே எழுதிருக்க. அப்புறம் கோடு எப்படிம்மா அந்த மூணு மாசத்தையும் தாண்டிப் போகுது?"

கிணற்றில் மோட்டார் இறக்கி வேலை நடந்த மாதங்கள் அவை. நான் அளக்கவில்லை. முன்னும் பின்னும் இருந்த புள்ளிகளைக் கோடு தானாக இணைத்துவிட்டது. பார்ப்பவருக்கு, மட்டம் சீராக இறங்கியதாகத் தோன்றும். அளக்காத ஒன்றை அளந்ததாகக் காட்டுகிற படம் அது. "மத்ததையும் பாத்துரு, மீட்டர எல்லாம் அடிக்கு மாத்திரு" என்று சொல்லி அனுப்பினார். பத்தொன்பதையும் முதலிலிருந்து வரைய வேண்டும். அன்றைக்குத்தான், லேடெக்குக்குள்ளேயே படத்தைக் கட்டளையாக எழுதி வரையும் டிக்ஸ் (TikZ) கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

டிக்ஸை உருவாக்கியவர் டில் டான்டாவ். தன் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் படம் போடச் சிறிதாக எழுதிய நிரல்தான் வளர்ந்து இப்படி ஆனது. பெயரின் ஜெர்மன் விரிவுக்கு 'டிக்ஸ் ஒரு வரையும் மென்பொருள் அல்ல' என்று பொருள். மவுஸால் இழுத்து வரைய முடியாது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு என்று எழுதித்தான் சொல்ல வேண்டும். கையேடு ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். அதைப் பார்த்து மலைக்காதீர்கள். முதல் பாடம், கார்ல் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு படம் வரைவதாக வரும். அதை மட்டும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, நகலெடுத்து ஒட்டாமல், கையால் தட்டச்சு செய்து பாருங்கள். பாதி பயம் போய்விடும்.

அடுத்த பயிற்சிக்கு நம் ஊரே போதும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். ஐந்தையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. ஃபோர்ஈச் கட்டளையில் ஐந்து பெயர்களையும் ஐந்து எண்களையும் கொடுத்தால், (-1,-1) முதல் (1,1) வரை ஒரு சதுரம், (-2,-2) முதல் (2,2) வரை அடுத்தது என்று தானே சுற்றி வந்து வரைந்து, பெயரையும் எழுதிவிடும். உண்மையான வீதிகள் அவ்வளவு அச்சுச் சதுரம் இல்லைதான். ஆனால் எண்களை மாற்றிப் போட்டால் படம் முழுவதும் நகர்வதைப் பார்க்கும்போது, நிரலில் வரைவது எதற்கு என்பது கைக்குப் புரியும்.

ஓட்டப்படத்துக்கு வேறு வழி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக வந்து, வைகை அணையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் போகிறது. கள்ளந்திரி வரை இருபோகம், அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். இதில் ஒவ்வொரு இடமும் ஒரு நோடு, அதாவது பெயர் எழுதிய ஒரு பெட்டி. ஆயத்தொலைவு கொடுத்து வைக்காதீர்கள். பொசிஷனிங் நூலகத்தைச் சேர்த்துக்கொண்டு, 'பேரணை, அணைக்குக் கீழே' என்று சொல்லுங்கள். இடையில் ஒரு இடத்தைச் சேர்க்க நேர்ந்தால் மற்றவை தாமாக விலகிக்கொள்ளும். நோடுக்கு ஒழுங்கான பெயர் வையுங்கள். அ1, அ2 என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது.

அளவுகளை வைத்து வரையும் வரைபடங்களுக்கு வெறும் டிக்ஸ் போதாது. அதன் மேல் எழுதப்பட்ட பிஜிஎஃப்பிளாட்ஸ் வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எக்ஸ் அச்சில் 2019 என்று ஆண்டை நேரடியாகப் போட்டேன். 'டைமென்ஷன் டூ லார்ஜ்' என்று பிழை வந்தது. அலகு சொல்லாத எண்ணை டிக்ஸ் சென்டிமீட்டராக எடுத்துக்கொள்ளும். லேடெக்கின் அடியில் இயங்கும் டெக் (TeX) தாங்கும் அதிகபட்ச நீளம் ஏறத்தாழ 575 சென்டிமீட்டர்தான். நான் இருபது மீட்டருக்கு அப்பால் புள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன். பிஜிஎஃப்பிளாட்ஸ் அளவுகளைத் தாளுக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளும். ஆனால் அது ஆண்டை 2,019 என்று காற்புள்ளியோடு அச்சிடும். ஆயிரம் பிரிப்பானைக் காலியாக வைத்தால் சரியாகும். எந்தப் பதிப்பின் முறைப்படி வரைய வேண்டும் என்று சொல்லும் காம்பாட் எண்ணையும் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய முறைக்குப் போய், அச்சுப் பெயர்கள் வேறு இடத்தில் நிற்கும்.

அளவுகளை நிரலுக்குள் எழுதாமல் தனி சிஎஸ்வி கோப்பில் வைத்து, டேபிள் கட்டளையால் படிக்கச் சொன்னேன். மீட்டரை அடியாக்குவது ஒரே பெருக்கல், 3.2808. அதை அச்சுக்கு ஒரே இடத்தில் எழுதினால் எல்லாப் படமும் மாறிவிடும். அளவு இல்லாத மூன்று மாதங்களுக்கும் ஆங்கிலத்தில் 'nan' என்று போட்டேன், எண் அல்ல என்று பொருள்படும் குறி அது. அதோடு நின்றால் போதாது. சும்மா விட்டால் அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டு, பழையபடி கோட்டைச் சேர்த்துவிடும். 'அன்பவுண்டட் கோஆர்ட்ஸ்' என்பதற்கு 'ஜம்ப்' என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். கோடு அறுந்து, மூன்று மாதம் வெறுமையாக நின்றது. அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதி இன்னும் நினைவில் இருக்கிறது.

அணை மட்டத்தின் படத்தில் 66, 68.5, 69 அடிகளில் மூன்று கோடுகளைப் புள்ளிக்கோடாகப் போட்டேன். அந்த மட்டங்களில்தான் வைகைக் கரைக்கு மூன்று கட்ட வெள்ள எச்சரிக்கை கொடுக்கிறார்கள். மேலே 71 அடியில் முழுக் கொள்ளளவுக் கோடு. அதற்குப் பிறகு, அணை நிரம்பிய மாதத்தையும் கிணறு ஏறிய மாதத்தையும் வாசகர் தானே ஒப்பிட முடிந்தது.

பருவ ஏற்ற இறக்கத்துக்குச் சைன் வளைவு பொருத்தியபோது அது நேர்கோடாகவே வந்தது. இரண்டு நாள் சமன்பாட்டைத்தான் சந்தேகப்பட்டேன். கோணத்தை அது டிகிரியில் எடுக்கிறது, நான் ரேடியனில் கொடுத்திருந்தேன். ரேடியனை டிகிரியாக்கும் 'deg' செயல்கூற்றைச் சேர்த்தால் முடிந்தது. இன்னொன்று, வரி முடிவில் அரைப்புள்ளி. அதை விட்டால் 'இந்தப் பாதையைக் கைவிடுகிறேன், அரைப்புள்ளியை மறந்துவிட்டீர்களா' என்று டிக்ஸே கேட்கும். பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடுவதுதான் நாம் எல்லோரும் செய்கிற தவறு.

தமிழில் பெயர் எழுத வேண்டுமானால் ஸீலேடெக் அல்லது லுவாலேடெக்கில் கம்பைல் செய்யுங்கள், எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் எழுத்துமுறை தமிழ் என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 'பேரணை'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கக்கூடும். நோட்டோ எழுத்துரு எனக்கு நன்றாக வந்தது.

படம் பெரிதாக இருந்தால் ரீசைஸ்பாக்ஸில் போட்டு நெருக்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து சுருங்கும். வரைபடத்துக்கு அகலத்தை நேரடியாகக் கொடுங்கள். ஆய்வேட்டின் பிரதிகள் கறுப்பு வெள்ளையிலும் ஜெராக்ஸ் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம். நான் சிவப்பு, நீலம், பச்சை என்று போட்டிருந்த கோடுகள் பிரிண்ட் கடையில் மூன்றும் ஒரே சாம்பலாக வந்தன. பிறகு ஒன்றைத் தொடர்கோடு, ஒன்றைப் புள்ளிக்கோடு, ஒன்றில் முக்கோணக் குறி என்று மாற்றினேன்.

ஒவ்வொரு படத்தையும் ஸ்டாண்டலோன் வகையில் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தைத் திருத்த, முழு ஆய்வேடும் கம்பைல் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். லேடெக்கை இணையத்திலேயே எழுத உதவும் ஓவர்லீஃபின் இலவசக் கணக்கில் நேர வரம்பு உண்டு, படம் பெருகப் பெருக அது இடிக்கும்.

வைவாவில் வெளித்தேர்வாளர் அந்த மூன்றாம் படத்திலேயே நின்றார். "இங்க ஏன் கோடு இல்ல?" என்று கேட்டார். சொன்னேன். படத்தின் கீழேயே அதை ஒரு வரி எழுதிவிடச் சொன்னார். அன்று சாயங்காலம் நாகமலை புதுக்கோட்டையில் பேருந்துக்கு நின்றபடியே மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைச் சேர்த்தேன். பேருந்து வருவதற்குள் பிடிஎஃப் தயாராகியிருந்தது.