கால் தரையில் படுமுன் கை தாடைக்கு: கறுப்புப் பட்டி ஸ்பாரிங்குக்குத் தயாராகிறவர்களுக்கு

டேக்வாண்டோ கறுப்புப் பட்டி முதலாம் டான் கிரேடிங் (தரத்தேர்வு) முடிவு வந்துவிட்டது. சித்தியடைந்துவிட்டேன். சியோலில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோனிலிருந்து சான்றிதழ் வந்துசேர இன்னும் நாள் எடுக்கும். ஆனாலும் பட்டியலில் பெயரைப் பார்த்த நேரத்திலிருந்து நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. இந்தச் சூடு ஆறுமுன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பூம்சே (வரிசையாகத் தனியே செய்யும் அசைவுகள்) பற்றியோ பலகை உடைப்பது பற்றியோ எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்லித்தர ஒவ்வொரு வகுப்பிலும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பாரிங்கில், அதாவது இருவர் மோதும் ஆட்டத்தில், கையை எங்கே வைப்பது என்பதை மட்டும் யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தருவதில்லை. "கை, கை!" என்று மாஸ்டர் கத்துவார், நாங்களும் உயர்த்துவோம், அடுத்த உதையோடு கை மறுபடி கீழே போய்விடும். திருகோணமலையில் நான் பழகிய பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இதுதான் நிலை. கால் அழகாகப் போகும், கை அநாதையாகத் தொங்கும்.

காரணம் தெரியாததல்ல. போட்டி விதிப்படி முகத்தில் குத்த முடியாது. தலைக்கு ஆபத்து வந்தால் காலால்தான் வர வேண்டும். மின்னணு ஹோகு (மார்புக் காப்பு) வந்த பிறகு முன்காலைத் தூக்கிவைத்தபடி நீட்டி நீட்டி ஆடும் பாணியும் பரவிவிட்டது. பெரிய போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கிற பிள்ளைகள், கையைத் தொங்கவிடுவதே திறமைக்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வீரர்களுக்குத் தூரம் தெரியும். எதிராளியின் இடுப்பு அசைவதைப் பார்த்தே எந்தக் கால் வருகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கண் நமக்கு வரும்வரை கைதான் காவல்.

கார்ட் வைப்பது, அதாவது கையைக் காவலுக்கு வைப்பது, பயந்தவர்களின் வேலை என்றும் சிலர் சொல்வார்கள். பெண் பிள்ளைகளிடம் இதைக் கூடுதலாகவே சொல்வார்கள். எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் இது. உடலுக்கு ஓர் உதை 2 புள்ளி, தலைக்கு 3, சுழன்று வந்து தலையில் பட்டால் 5. இரண்டு தரம் முன்னேறிச் சம்பாதித்ததைக் கை கீழே இருந்த ஒரு நொடியில் திருப்பிக் கொடுப்பதில் என்ன வீரம் இருக்கிறது?

பூம்சே நன்றாகச் செய்கிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். தேகுக் எனப்படும் பூம்சே எட்டிலும் ஒரு கை தடுத்தால் மறு கை பெரும்பாலும் இடுப்புக்கு இழுபடும். வருடக்கணக்காக அதைச் செய்த உடம்பு ஸ்பாரிங்கிலும் முட்டியை (மூடிய கையை) இடுப்புக்கு இழுக்கும். எங்கள் வகுப்பில் மிக நேர்த்தியாகப் பூம்சே செய்கிற அக்கா ஒருவர், ஒவ்வொரு தடுப்புக்குப் பிறகும் பின்பக்கக் கையை இடுப்பில் வைத்துவிடுவார். தாடை முழுதும் திறந்து கிடக்கும். பூம்சே பயிற்சி முடிந்த கையோடு ஸ்பாரிங்குக்குப் போகாதீர்கள். நடுவில் கொஞ்ச நேரம் கார்ட் வைத்து நடந்துவிட்டுப் போங்கள்.

இனி நிலைகள். பெயர்கள் வகுப்புக்கு வகுப்பு மாறும், ஆகவே பெயரில்லாமலே சொல்கிறேன். முன்பக்கக் கை தாழ்ந்து, இலேசாக மடிந்து, முட்டி தொடைக்கு முன்னால் நிற்க, பின்பக்க முட்டி தாடையோடு இருப்பது ஒன்று. முன்பக்கக் கை தாடை உயரத்தில் நிற்க, பின்பக்க முன்கை (முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதி) வயிற்றுக்குக் குறுக்கே கிடப்பது இன்னொன்று. இரண்டு முட்டியும் தாடையளவில், முழங்கைகள் விலாவை ஒட்டி இருப்பது மூன்றாவது. எது சரி என்று கேட்டால் பதில் இல்லை. எதிராளி எந்தக் காலை முன்னால் வைத்து நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்ட பிறகுதான் ஸ்பாரிங் பயமே போனது, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். நான் இடதுகாலை முன்வைத்து நிற்பவள். என் வயிறும் மார்பும் வலப்பக்கம் திறந்திருக்கும். இடது விலா எதிராளியை நோக்கி இருக்கும். எதிராளி வலதுகாலை முன்வைத்து நின்றால், அவருடைய முன்கால் டோலியோ சாகி (பக்கவாட்டில் வளைந்து வரும் உதை) என் இடது விலாவுக்கு வரும். பின்கால் வயிற்றுக்கு வரும். அவரும் இடதுகாலை முன்வைத்தால் எல்லாம் மாறிவிடும். முன்கால் வயிற்றுக்கு, பின்கால் விலாவுக்கு அல்லது முதுகுப் பக்கத்துக்கு.

முன்கால் வேகமானது. பின்காலுக்கு இடுப்பு திரும்ப வேண்டும், ஆகவே அது கண்ணுக்குத் தெரியும். இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: வேகமான கால் எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கத்தில் எப்போதும் ஒரு கை இருக்க வேண்டும். மெதுவான கால் வரும் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடலாம். ஆகவே எதிர்க்கால் நிலையில் முன்பக்கக் கை தாழ்ந்து விலாவைக் காக்கும், பின்பக்கக் கை தாடையில். ஒரே கால் நிலையில் பின்பக்க முன்கை வயிற்றுக்குக் குறுக்கே இறங்கும், முன்பக்கக் கை தாடைக்கு ஏறும். எதிராளி கால் மாற்றும் அதே நொடியில் உங்கள் கைகளும் மாற வேண்டும். இதைக் கண்ணாடி முன் செய்துபாருங்கள், வகுப்பில் பாருங்கள், பஸ்ஸில் நிற்கும்போதும் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள்.

கிரேடிங்கில் என்னோடு நிறுத்தப்பட்டவர் என்னைவிட ஒரு தலை உயரம். வலதுகாலை முன்வைத்து வந்தார், நடுவில் மாற்றினார். ஸ்பாரிங் முடிந்து கும்பிட்டு நிமிர்ந்ததும் தேர்வாளர் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, முதலில் முன்பக்கக் கையைக் கீழே வைத்திருந்தீர்கள், பிறகு மேலே எடுத்தீர்கள். ஏன்?" என்று கேட்டார். மேலே எழுதியதைத்தான் மூச்சு வாங்கியபடி சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு எதையோ எழுதினார். நான் எத்தனை உதை அடித்தேன் என்று அவர் கேட்கவேயில்லை.

தாழ்ந்த கைக்கு ஓர் எச்சரிக்கை. தூரத்தில் நிற்கும்போது மட்டும் அது பாதுகாப்பு. எதிராளியின் முன்கால் உங்கள் காதைத் தொடக்கூடிய தூரத்துக்குள் வந்தபின்னும் கையைத் தாழ்த்தி வைத்திருந்தால் அதே கால் விலாவுக்குப் போவதுபோலக் கிளம்பித் தலைக்கு ஏறும். ஓரடி உள்ளே போகிறீர்களா, கை மேலே ஏறட்டும். மார்போடு மார்பு ஒட்டி நிற்கும்போது இரண்டு முட்டியும் மேலே இருக்க வேண்டும், அதிலும் பின்பக்கக் கை காதோரம். ஒட்டி நிற்கும்போது உதை வராது என்று நினைக்கிறவர்களுக்குத்தான் பக்கவாட்டில் வளைந்து வரும் கால் தலையில் விழும். தோபோக்கையோ (சீருடையையோ) ஹோகுவையோ பிடித்துவிட்டால் அது கம்ஜோம் என்ற தண்டனை, எதிராளிக்கு ஒரு புள்ளி. விரல்களை மூடியே வைத்திருங்கள்.

கையை ஹோகுவோடு ஒட்டிவைத்துத் தடுப்பவர்கள் நிறையப் பேர். அது தடுப்பே அல்ல. உதை கையில் விழும், கை ஹோகுவில் அடிபடும், "டப்" என்று சத்தம் கேட்கும், மின்னணு ஹோகு இல்லாத இடத்தில் மூலையில் இருக்கும் நடுவர் புள்ளி போட்டுவிடுவார். கைக்கும் ஹோகுவுக்கும் இடையில் உள்ளங்கை அகலம் இடைவெளி விடுங்கள். உதையின் பலம் அந்த இடைவெளியிலேயே செத்துவிட வேண்டும். தடுப்பது முன்கையின் வெளிப்புறச் சதையால். எலும்பு விளிம்பால் தடுத்தால் மணிக்கட்டுக்கு மேலே நீலம் கட்டும்; அடுத்த நாள் பேனா பிடிக்கவே வலிக்கும். உள்ளங்கையை விரித்துத் தடுத்தால் விரல் போகும்.

தலைப்பில் எழுதியிருப்பதற்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உதைக்கும்போது உதைக்கும் பக்கத்துக் கை சமநிலைக்காகக் கீழே, பின்னால் வீசப்படும். அதை முழுதாகத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கால் திரும்பித் தரையைத் தொடுவதற்கு முன் அந்தக் கை தாடைக்கு வந்திருக்க வேண்டும். காலோடு சேர்ந்து வந்தால் அது பிந்திய வருகை. எதிராளி திருப்பி அடிக்கிற நேரம் உங்கள் கால் இறங்கும் நேரம்தான். அப்போது ஒரு காலில் நிற்கிறீர்கள், நகர முடியாது. மிச்சமிருப்பது கை மட்டும்.

நான் பழகிய விதம்:

கைக்குட்டையை நாலாக மடித்துப் பின்பக்க முட்டிக்கும் தாடைக்கும் இடையில் பிடித்துக்கொண்டு முன்காலால் உதைப்பது. விழுந்தால் முதலிலிருந்து.

இன்னொரு துணியை முன்பக்கக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடி நகர்வது. முழங்கை விலகிப் பறப்பது இதில் நிற்கும்.

தம்பியிடம் தும்புத்தடியைக் கொடுத்து, அதன் நுனியில் பழைய சீலைத் துண்டைச் சுற்றி, என் கால் இறங்கும் நேரம் பார்த்து விலாவில் குத்தச் சொன்னேன். அவனுக்கு அது கொண்டாட்டம். வீட்டு முற்றத்தில் எவ்வளவோ மாலைகள் இப்படிப் போயின. மாஸ்டரின் சத்தம் சேர்க்காத பழக்கத்தை அந்தத் தும்புத்தடி சேர்த்துவிட்டது. வருமா வராதா என்று தெரியாத குத்துதான் கையை விழிக்க வைக்கிறது, ஆகவே நேரம் மாற்றி மாற்றிக் குத்தச் சொல்லுங்கள். சிலவேளை குத்தாமலே விடச் சொல்லுங்கள்.

திருகோணமலை டச்சு பே கடற்கரை மணல். இதற்குத் தனியாகவே ஒரு பந்தி எழுத வேண்டும். மணலில் கால் புதையும். நிற்கும் கால் ஆடும். சமநிலைக்காகக் கைகள் தாமாக விரியும். அதனால்தான் அங்கே பழகச் சொல்கிறேன். மணலில் கை விரியாமல் உதைக்கப் பழகினால் மெத்தையில் கை தாடையைவிட்டு அசையவே அசையாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் சூரியன் ஏறுமுன் போய்விடுங்கள், பிறகு மணல் காலைச் சுடும். கோட்டைப் பக்கத்து மான்கள் சிலவேளை மணலுக்கே இறங்கி வரும். அவற்றுக்கு வழிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மாரி தொடங்கியதும் கடல் ஏறிவிடும், அப்போது முற்றமே போதும்.

நான் காத்திருந்து அடிக்கிறவள், உயரமும் குறைவு. எதிராளி வரட்டும் என்று நின்று, தடுத்து, அவருடைய கால் இறங்கும் நேரத்தில் நுழைவேன். எனக்கு ஒத்துவந்தது அதுதான், உங்களுக்கும் அதையே சொல்வேன். முதல் உதை உங்களுடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நீளக் கால் உள்ளவர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவர்களும் நேரியோ சாகி என்ற உதை தலைக்கு மேலிருந்து இறங்கும்போது என்ன செய்வது என்று யோசித்துப் பார்க்கட்டும். அதைக் கையால் மட்டும் நிறுத்த முயன்றால் கை நொறுங்கும். இரு கையும் உயர்ந்த நிலையோடு அரை அடி உள்ளே போங்கள். குதிகால் உங்கள் தோளுக்குப் பின்னால் போய்விடும். தொடைதான் கைமேல் விழும், அதில் பலம் இல்லை.

கிரேடிங் அன்று கவனிக்க:

"ஜூன்பி" (தயார்) என்றதும் எடுக்கும் முதல் கார்டைத் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். அவசரப்படாமல் எடுங்கள்.

"கல்யோ" (பிரியுங்கள்) என்றதும் கையை விட்டுவிடாதீர்கள். நடுவரின் கை இருவருக்கும் நடுவில் வரும்வரை கார்டோடு பின்வாங்குங்கள். கல்யோவுக்குப் பின் எதிராளி அடித்தால் அவருக்குக் கம்ஜோம்தான், ஆனால் அடி உங்கள் தலைக்கு.

ஹெட்கார்டைச் சரிசெய்ய ஆடும்போது கையை உயர்த்தாதீர்கள். முதலே இறுக்கிக் கட்டுங்கள்.

களைத்துப் போனால் முதலில் விழுவது கைதான். மூச்சு வாங்கத் தொடங்கியதும் முழங்கைகளை விலாவில் சாய்த்துக்கொண்டு முட்டியை மட்டும் மேலே வையுங்கள். தோளுக்கு ஓய்வு கிடைக்கும், கார்டும் நிற்கும்.

முன்கைக் காப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது தோபோக்குக்கு உள்ளே போடுவது, ஆகவே நழுவினால் வெளியே தெரியாது. நம் ஊர் வேர்வைக்கு இழுபட்ட எலாஸ்டிக் நிற்கவே நிற்காது. மணிக்கட்டுக்கு இறங்கிவிடும், எலும்பு வெறுமையாகிவிடும். எனக்கு வகுப்பில் கிடைத்த பழைய காப்பு அப்படித்தான் இருந்தது. அம்மா எலாஸ்டிக்கைப் பிரித்துப் புதிதாக வைத்துத் தைத்துத் தந்தார். கடைசிக் கிழமையில் புதுக் காப்பு வாங்கிப் போடாதீர்கள், தடிப்பு மாறினால் முழங்கை மடியும் கோணமே மாறிவிடும். அந்தக் கிழமை கடும் ஸ்பாரிங்கும் வேண்டாம். முன்கையில் நீலம் இருந்தால் ஒத்தடம் கொடுத்து ஆறவிடுங்கள். தும்புத்தடியோடும் கைக்குட்டையோடும் மெதுவாகப் பழகினால் போதும்.