வெள்ளம் நாள் குறிக்கும் விழா

ஜாம்பியாவுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் விக்டோரியா அருவியைப் பார்த்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த அருவிக்கு வெகுதூரம் மேலே, நாட்டின் மேற்கில், அதே ஜாம்பேசி ஆறு ஆண்டுதோறும் கரைபுரண்டு பரோட்சே சமவெளியை மூழ்கடிப்பதையும், அந்த வெள்ளத்தின் மேல் லோசி மக்கள் தங்கள் அரசரைப் படகில் அழைத்துச்செல்லும் குவோம்போகா விழாவையும் பாராமல் வருவது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

அங்கோலாவிலும் வடமேற்கு ஜாம்பியாவிலும் பெய்யும் மழைநீர் சிறுகச் சிறுகச் சமவெளியில் பரவி, மேடுகளில் அமைந்த ஊர்களைத் தீவுகளாக்கிவிடும். லியாலுயியில் இருக்கும் அரண்மனையையும் நீர் சூழும்போது, லிதுங்கா எனப்படும் அரசர் சமவெளியின் ஓரத்து மேட்டுநிலமான லிமுலுங்காவுக்குக் குடிபெயர்கிறார். சுற்றுலாவுக்காக உருவாக்கிய காட்சி அன்று இது. வெள்ளத்தோடு வாழும் ஒரு மக்கள்கூட்டம் மேடேறும் முறையே அரச விழாவாகியிருக்கிறது.

முந்தைய நாள் மாலையில் மாவோமா என்னும் அரச முரசுகள் முழங்கத் தொடங்கும். மறுநாள் புறப்படும் நாலிக்வாண்டா என்ற அரசப் படகு கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டப்பட்டது. அதன் கூரைமேல் நிற்கும் பெரிய யானை உருவத்தின் காதுகளை உள்ளிருந்தே அசைக்கலாம். படகில் எரியும் நெருப்பின் புகை, அரசர் நலமாக இருக்கிறார் என்று கரையில் நிற்பவர்களுக்குச் சொல்லும் அடையாளம். சிவப்புத் தொப்பியும் விலங்குத்தோல் உடையும் அணிந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நின்றபடியே துடுப்பு வலிக்க, சிறு வெள்ளைப் படகுகள் முன்னே சென்று வழி பார்க்கின்றன. இந்தப் பயணம் பல மணி நேரம் நீடிக்கும்.

மரபுடையில் புறப்படும் அரசர், லிமுலுங்காவில் இறங்கும்போது பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியின் சீருடையில் இருப்பார். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குச் சென்ற லெவானிகா அரசருக்குக் கிடைத்த பரிசிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. கடலே இல்லாத நாட்டில், தம் ஆற்றின் மேல் வந்திறங்கும் அரசர் அந்த உடையை அணிவதைக் காலனியத்தின் எச்சம் என்று மட்டும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வந்ததைத் தம் சடங்குக்குள் இழுத்துக்கொண்ட துணிவும் அதில் இருக்கிறது.

பயணிகள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: இவ்விழாவுக்கு நிலையான தேதி கிடையாது. பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டி வரும் என்றாலும், நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறிது காலத்துக்கு முன்புதான் நாள் அறிவிப்பார்கள். கடும் வறட்சி நிலவிய 2024-இல் விழா நடைபெறவே இல்லை. ஆகவே விமானச் சீட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுப்பதும், தலைநகர் லுசாகாவிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில், லிமுலுங்காவுக்கு அருகிலுள்ள மோங்கு நகரில் தங்குமிடத்தை முன்கூட்டியே பேசி வைப்பதும் நல்லது. அரண்மனையருகே படம் எடுக்குமுன் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டநெரிசலை விரும்பாதவர்கள், வெள்ளம் வடிந்தபின் அரசர் லியாலுயிக்குத் திரும்பும் குஃபுலுஹேலா பயணத்துக்குச் செல்லலாம். ஆரவாரம் குறைவாக இருப்பதால் அந்தச் சமயத்தில் ஊர்மக்களோடு நிதானமாகப் பேச முடியும். லிமுலுங்காவில் உள்ள நாயுமா அருங்காட்சியகத்தையும் அவசரமின்றிப் பார்க்கலாம்.