டச்சு வாக்கியத்தில் வினைச்சொல்லைத் தேடி

நெதர்லாந்தின் உத்ரெஹ்ட் நகரில் குடியேறி டச்சு கற்கத் தொடங்கியபோது, ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி என்றே பலரும் சொன்னார்கள். சொற்களைப் பொறுத்தவரை அது சரிதான். வாக்கிய அமைப்பில் எனக்குக் கைகொடுத்தது தமிழ்.

"இக் ஹெப் ஹிஸ்தரன் அன் புக் ஹகோஹ்ட்" என்ற வாக்கியத்தில், 'நான்' என்பதை அடுத்து 'ஹெப்' என்ற துணைவினை வந்து நின்றுகொள்ள, நேற்று, ஒரு, புத்தகம், வாங்கி என மற்றவை தமிழ் வரிசையிலேயே வருகின்றன. உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லும்போது 'வந்த்' என்ற இணைப்புச் சொல்லை வைத்தால் "வந்த் இக் பென் சீக்" என வினை நடுவில் நிற்கும். 'ஓம்டாட்' வைத்தால் "ஓம்டாட் இக் சீக் பென்" என்று கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வகுப்புத் தோழர்கள் திணறிய இந்த இடம் எனக்கு இயல்பாகவே வந்தது.

என் திணறல் தனி வாக்கியத்தில் இருந்தது. அங்கே எது முதலில் வந்தாலும் வினை இரண்டாம் இடத்தை விட்டுக்கொடுக்காது. "ஓவர் எங்கலெ மினூட்டன் கோமன் வெய் ஆன்" என்று ரயிலில் அறிவிக்கும்போது, 'இன்னும் சில நிமிடங்களில்' என்ற தொடர் முழுவதும் ஓரிடமாகக் கணக்காகி, உடனே வினையும் அதன் பிறகே 'நாம்' என்பதும் வருகின்றன. போதாக்குறைக்கு, 'ஆன்கோமன்' (வந்துசேர்) என்ற வினை உடைந்து 'ஆன்' தனியே பின்னால் போய்விடுகிறது.

பேச்சின் நயத்தை நூலகத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் உரையாடல் கூட்டத்தில்தான் பிடித்தேன். கதவைச் சாத்தச் சொல்லும் வாக்கியத்தில் 'ஏவன்' என்ற சிறுசொல் இல்லாவிட்டால் அது கட்டளையாக ஒலிக்கும். 'கதவைக் கொஞ்சம் சாத்து' என்பதில் 'கொஞ்சம்' எதையும் அளப்பதில்லை அல்லவா, அதே வேலைதான். "யெ கோம்ட் மோர்ஹன் தோஹ்?" என்பதில் வரும் 'தோஹ்', 'நாளை வருவாய்தானே?' என்பதில் வரும் 'தானே'.

பெயர்ச்சொல்லுக்கு முன், ஆங்கில 'the' போல, 'டெ' வருமா 'ஹெட்' வருமா என்பது பெரும்பாலும் மனப்பாடம்தான். சிறியது என்று குறிக்க 'யெ' என முடியும் குறுமை வடிவங்கள் ஒருமையில் அனைத்தும் 'ஹெட்' என்பதால், ஐயம் வந்தால் அவ்வடிவத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

பி1 எனப்படும் இடைநிலை மொழித் தேர்வைக் கடந்த பிறகும் முழுதாகப் பிடிபடாதது 'எர்' என்ற சிறுசொல். சைக்கிள் எத்தனை என்று கேட்டால் "இக் ஹெப் எர் த்வே" (என்னிடம் இரண்டு இருக்கின்றன) என்றே சொல்ல வேண்டும். 'எர்' விடுபட்டால் பிழை. வாசலில் ஒரு சைக்கிள் நிற்கிறது என்னும்போதோ அது வாக்கியத்தின் தலையிலேயே வந்து நிற்கிறது. இலக்கண நூல் இன்னும் சில பயன்பாடுகளைப் பிரித்துக் காட்டுகிறது. பேச்சில் எனக்கு இந்த இரண்டுதான் தயக்கமின்றி வருகின்றன.