பாளையில இருந்து செந்தூருக்கு நடந்தே போய் முடிச்ச நேத்திக்கடன்

ஸ்ரீவைகுண்டத்துல பொறந்த குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் வாய் பேசலன்னும் அவரப் பெத்தவங்க செந்தூர் சந்நிதில வந்து விரதம் கெடந்தாங்கன்னும் எங்க பக்கத்துல தெரியாத ஆள் கிடையாது. முருகனே கைல ஒரு பூவோட வந்து "இது என்ன"ன்னு கேக்க, அந்தப் பிள்ளை "பூமேவு செங்கமல"ன்னு ஆரம்பிச்சு கந்தர் கலிவெண்பாவையே பாடிட்டுதுன்னு எங்க அம்மா சொல்லும்போதெல்லாம் கண்ணு கலங்கிரும். சின்ன வயசுல எனக்கு அது வெறும் கதை. என் தங்கச்சி மகனுக்கு மூணு வயசு தாண்டியும் ஒரு வார்த்தை வரலன்னதும் தான் அந்தக் கதைக்குள்ள ஒரு தாய் தகப்பன் இருந்தாங்களேங்குறதே உறைச்சுது.

டாக்டர்ட்ட காட்டினோம், காது நல்லா கேக்குதுன்னு சொல்லிட்டாங்க, ஸ்பீச் தெரபிக்கு தங்கச்சி மழை வெயில் பாக்காம தூக்கிட்டு அலைஞ்சா, யாரும் எதையும் விடல. அம்மா மட்டும் மஞ்சத்துணில காசு முடிஞ்சு சாமி படத்துக்கு முன்னால வச்சுட்டு "செந்தூராண்டவா, எம் பேரன் வாயத் தொறந்துட்டாம்னா பாளையங்கோட்டைல இருந்து நடந்தே கூட்டிட்டு வந்து உன் வாசல்ல மொட்ட போடுதேன்"னு நேந்துட்டாவ. போன வருசம் ஆடில ஒரு நாள் பய "ஆச்சி"ன்னான். வீட்டுல யாருக்கும் சோறு எறங்கல அன்னைக்கு, எல்லாரும் அழுதுகிட்டே தான் இருந்தோம். அப்புறம் ஒத்தை ஒத்தை வார்த்தையா வந்துச்சு, தண்ணி, மாமா, வா, அவ்வளவு தான், சேத்து சொல்ல வரல. ஆனா அம்மா கணக்குல முருகன் கேட்டத குடுத்துட்டான், இனி நாம தான் பாக்கி. தைப்பூசத்துக்கு மாலை போட்டு பச்சை கட்டிட்டோம்.

நாங்க நடந்த ரோட்டப் பத்தி கொஞ்சம் சொல்லிருதேன். மாநில நெடுஞ்சாலை 40, அம்பாசமுத்திரம் பக்கம் இருந்து பாளையங்கோட்டை வந்து அங்க இருந்து தாமிரபரணிக்கு தென்கரையாவே திருச்செந்தூர் வரைக்கும் போற ரோடு. பாளைல இருந்து செந்தூர் அம்பது கிலோமீட்டருக்கு மேல வரும். பஸ்ல போனா ஒண்ணுமே தெரியாது, தூங்கி எந்திரிச்சா ஆறுமுகம் வாசல். நடந்தா தான் இந்த ரோடு எத்தன சாமிய தொட்டுட்டு போவுதுன்னு தெரியும். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி, கருங்குளம் மலைமேல ஒரு பெருமாள், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரைன்னு நவதிருப்பதிங்குற ஒம்பது பெருமாள் கோவில்ல ரெண்டு, கடைசில நம்மாளு. ரயில் இந்தப் பக்கம் வந்தது 1923 ல தான், அதுக்கு முன்னாடி எங்க தாத்தாவோட அப்பா காலத்துல எல்லாம் மாட்டுவண்டி, இல்லன்னா நடை.

வெயிலுக்கு பயந்து சாயங்காலம் கெளம்பினோம். அம்மா, தங்கச்சி, மாப்ள, நான், என் தோள்ல பய. பாளைலயே ராஜபாளையம், சங்கரன்கோவில் பக்கத்து ஆளுங்க கூட்டம் கூட்டமா வந்து சேந்துட்டாங்க, அவங்கெல்லாம் ஏற்கனவே எவ்வளவோ நடந்து காலெல்லாம் வீங்கிப் போய் வாராங்க, முன்னால ஒரு சின்ன வண்டில வேல் வச்சு சீரியல் லைட் போட்டு மைக்செட்டு கட்டிருக்காங்க, அவங்கள பாத்ததும் நம்ம தூரமெல்லாம் ஒரு தூரமான்னு வந்துச்சு. போலீஸ்காரங்க நின்னு எல்லார் பை மேலயும் மின்னுற ஸ்டிக்கர் ஒட்டி விட்டாங்க, அது ரொம்ப நல்ல காரியம், ஏன்னா ராத்திரி இந்த ரோட்டுல வார லாரியும் வேனும் ஹைபீம் போட்டுகிட்டு காதுக்குள்ளயே ஹாரன் அடிச்சுட்டு போறான், சாமி கும்பிட போறவனுங்களே தான் வேன்ல அப்படி போறான், நடக்குறவனும் முருகன் பிள்ளை தானப்பான்னு ஒருத்தனுக்கும் தோணல.

கிருஷ்ணாபுரத்துல கோவில் நடை சாத்திட்டாங்க, அந்தக் கல் சிற்பமெல்லாம் பாக்கணும்னா தனியா ஒரு நாள் தான் வரணும். செய்துங்கநல்லூர்ல சூடா சுக்குக்காப்பி குடுத்தாங்க. ஒரு விஷயம் நடக்கும்போது தான் கவனிச்சேன், மாநில நெடுஞ்சாலை மைல்கல்லுக்கு எல்லாம் தலைல பச்சை பெயிண்ட், நம்ம கட்டிருக்கதும் பச்சை. அம்மா ஒவ்வொரு கல்லு வரும்போதும் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டே வந்தாவ. நாங்க யாரும் ஏன்னு கேக்கல, கொஞ்ச நேரத்துல தங்கச்சியும் தொட ஆரம்பிச்சுட்டா.

ஆதிச்சநல்லூர் வரும்போது விடியக்கருக்கல். ரோட்டோரமே அந்தப் பரம்பு, அதாவது மேடு, இருக்கு, 1876 ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டினார், அதுக்கப்புறம் அலெக்சாண்டர் ரீ தோண்டினார், தாழி தாழியா எடுத்தாங்க, தங்கத்துல நெத்திப்பட்டம் எல்லாம் கிடைச்சுது, இரும்புக் காலத்து ஆளுங்க பொதைச்ச எடம். ரீ எடுத்த பொருள்ல வெண்கல சேவல் இருந்துச்சுன்னும் வேல் இருந்துச்சுன்னும் வாயில பூட்டுற மாதிரி தகடு இருந்துச்சுன்னும் எங்க வாத்தியார் கிளாஸ்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு, அலகு குத்தி வந்த ஒருத்தர் அந்நேரம் பாத்து என்னைய தாண்டி போறார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நம்ம சாமி நேத்து வந்த சாமியா என்ன.

புதுக்குடி வந்து பாலம் தாண்டினா அக்கரைல ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணிக்கு கடைசி அணைக்கட்டு இங்க தான். எல்லாரும் நேரா போறாங்க, அம்மா மட்டும் பிடிவாதமா குமரகுருபரர் ஊர் மண்ண மிதிக்காம வரமாட்டேன்னு சொல்லிட்டாவ, அந்தக் கால் வலியோட அக்கரைக்கு போய்ட்டு வந்தோம். ஆத்துல பயல எறக்கி விட்டு முகம் கழுவி விட்டு "இந்த ஊர் பிள்ள தாம்டா நடந்து போய் பாடிச்சு"ன்னு அவன்ட்ட சொல்லுதாவ, அவன் மீனப் பாத்துட்டு இருக்கான்.

புதுக்குடிய பத்தி சொல்லாம போக மனசு வரல. 2023 டிசம்பர் 17, 18 ல பெய்ஞ்ச மழை யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பக்கம் கொட்டுச்சு. செந்தூர்ல இருந்து கெளம்பின எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல மாட்டிக்கிட்டு உள்ள 800 பேர் பக்கம். சுத்தி தண்ணி. அவங்களுக்கு சோறு பொங்கி போட்டது இந்தப் புதுக்குடி ஊர்க்காரங்க தான், தன் வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும்போது. அன்னைக்கு பொங்கின அதே ஊர்ல இந்த தைக்கு எங்களுக்கு இட்லியும் சாம்பாரும். எலைய வச்சுட்டு ஒரு அக்கா "இன்னும் ரெண்டு வைக்கட்டா தம்பி, பிள்ளைக்கு சீனி வேணுமா"ன்னு கேட்டாவ. முருகன் சாப்பாடு போடுறான்னு சொல்லுறோம்ல, அவன் இப்படித்தான் போடுறான்.

அதுக்கப்புறம் தான் உண்மையான சோதனை. ஆழ்வார்திருநகரில மத்தியானம் கொஞ்சம் படுத்துட்டு (நம்மாழ்வார் புளியமரத்த கும்பிட்டோம், அந்த உறங்காப்புளி அடில நின்னாலே ஒரு குளுமை) வெயில் தாழுறதுக்குள்ள கெளம்பினது தான் கஷ்டமா போச்சு. முன்னாடி இந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் மருதமரம் கொடை பிடிச்ச மாதிரி நிக்கும், சின்னப் பிள்ளைல பஸ் ஜன்னல்ல தலைய வச்சு அதத் தான் எண்ணிக்கிட்டே வருவேன். சென்னை கன்னியாகுமரி தொழில்தடத் திட்டத்துல ரோட்டை அகலமாக்குனாங்க, ரோடு நல்லா தான் இருக்கு, இல்லன்னு சொல்லல, வண்டிக்கு சொகம். ஆனா நிறைய எடத்துல மரம் போச்சு. வெறுங்காலு, தார் கொதிக்குது, நிக்க நெழல் இல்ல. தங்கச்சிக்கு உள்ளங்கால்ல கொப்புளம் ஒடைஞ்சு துணி சுத்தி நடக்குறா. தென்திருப்பேரை தாண்டி கடம்பா குளம் பக்கம் வரும்போது அம்மா அப்படியே உக்காந்துட்டாவ. மூச்சு வாங்குது. மாப்ள ஆட்டோ புடிக்கட்டுமான்னு கேட்டார். அம்மா பேசல, கையால வேண்டாம்னு காட்டுறாவ.

அந்நேரம் வாழைத் தோட்டத்துல இருந்து ஒரு பெரியவர், கைல பானையோட வந்தார். மோர். உப்பு போட்டு கறிவேப்பில கிள்ளிப் போட்டு, மண்பானை ஈரம் அவர் கைல வழியுது. அம்மாவுக்கு ரெண்டு சொம்பு ஊத்தினார். வருசா வருசம் இந்த எடத்துல தான் ஆளுங்க விழுவாங்க, அதான் இங்கயே நிக்கேன்னார். பேரக் கேட்டேன், "முருகன் பேரச் சொல்லிட்டு போங்கய்யா"ன்னுட்டார். நானும் கேக்கல அப்புறம். அம்மா எந்திரிச்சு நடந்தாவ, குரும்பூர் வரைக்கும் ஒரு எடத்துலயும் உக்காரல, எனக்கு இது எப்படின்னு இன்னைக்கும் வெளங்கல.

கோபுரம் கண்ணுல பட்டதும் பக்கத்துல வந்த கூட்டம் பூரா ஒரே அரோகரா. அங்க இருந்து தான் அடுத்த தொல்லை ஆரம்பம். கடற்கரைக்கு போறதுக்குள்ள எத்தன பேரு கையப் பிடிச்சு இழுக்கான், "அண்ணாச்சி ஸ்பெஷல் தரிசனம், பத்து நிமிசம், பக்கத்துல நிக்க வைக்கேன்"ன்னு. ஒருத்தன் பயல காட்டி "பிள்ளைய வச்சுகிட்டு வரிசைல நின்னா மயங்கிருவான்"னு பயம் காட்டுதான். நடந்து வந்த சனத்துட்ட இப்படி பேசுறவன அவன் தான் பாத்துக்கணும். நாங்க யாருக்கும் ஒரு பைசா குடுக்கல. பொதுவழி தான். மாமன் மடி என் மடி, மொட்ட போட்டு சந்தனம் தடவி, கடல்ல முக்கி, நாழிக்கிணத்துல ஊத்தி வரிசைல நின்னோம். தைப்பூச வரிசை, கேக்கணுமா, மூச்சு விட எடமில்ல, ஒருத்தர் வேர்வை இன்னொருத்தர் மேல, முன்னால ஒரு அம்மா காவடி பால்குடத்தோட, பின்னால யாரோ தள்ளிகிட்டே இருக்கான். பய தூங்கிட்டான் தோள்ல.

சந்நிதி. விளக்கு வெளிச்சம், விபூதி வாசனை, மணிச்சத்தம். நான் கேக்கணும்னு நெனச்சது ஒண்ணும் வாய்ல வரல. அம்மாவுக்கு அழுகை. "நகருங்க நகருங்க"ன்னு சத்தம் கேட்டுட்டே இருக்கு. திடீர்னு பய தலைய தூக்கினான். கொஞ்ச நேரம் உத்துப் பாத்தான். கைய நீட்டி, என் காதுக்கு பக்கத்துல, நல்லா கேக்குற மாதிரி,

"மாமா, சாமி கைல பூ."

ஒத்தை வார்த்தைக்கு மேல அதுவரைக்கும் சொன்னதில்ல அவன். அம்மா அப்படியே என் தோளப் பிடிச்சுட்டாவ, தங்கச்சி கம்பிய பிடிச்சுகிட்டு சத்தம் போட்டு அழுதா, முன்னால நின்ன பால்குடத்து அம்மா என்னம்மா என்னம்மான்னு கேட்டு விசயம் தெரிஞ்சதும் அவங்களும் அழுறாங்க. நகருங்கன்னு சொன்னவரு கூட ஒரு நொடி நிறுத்திட்டு பயலுக்கு பன்னீர் இலைல விபூதி குடுத்தாரு. எத்தன நேரம் நின்னோம், எப்ப வெளிய வந்தோம், ஒண்ணும் நெனவில்ல. சண்முகர கும்பிட்டோமா, பிரகாரம் சுத்தினோமா, அதுகூட மாப்ள சொல்லித் தான் தெரியும்.

முருகா, குமரகுருபரருக்கு நீ காட்டின அதே பூவ எங்க வீட்டுப் பிள்ளைக்கும் காட்டிட்டியே, நாங்க என்ன குடுத்து இத தீக்க. இப்ப தெனமும் பேசிக்கிட்டே இருக்கான், வாய் மூட மாட்டேங்கான்னு தங்கச்சி போன்ல சொல்லும்போது எனக்கு தொண்ட அடைச்சுக்குது. ஸ்பீச் தெரபி டீச்சருக்கும் பன்னீர் இலை கொண்டு குடுத்தோம், அவங்க கையும் முருகன் கை தான். புதுக்குடி அக்காவுக்கும் ஸ்டிக்கர் ஒட்டின போலீஸ் அண்ணனுக்கும் கடம்பா குளத்து மோர் தாத்தாவுக்கும் கோடி புண்ணியம். அடுத்த வருசம் நடக்கப் போறவங்க ஆழ்வார்திருநகரில வெயில் நல்லா சாஞ்ச பெறவு கெளம்புங்க, பிள்ளைங்களுக்கு தொப்பி வச்சுக்கோங்க. அந்த ரோட்டோரத்துல நெலம் உள்ளவங்க யாராவது இத படிச்சா ஒரே ஒரு மருதங்கன்னு நட்டு தண்ணி ஊத்துங்க, நடந்து வார சனம் வாழ்த்தும். நாங்களும் மாசித் திருவிழாவுக்கு போகும்போது அந்த பெரியவர்ட்ட கேட்டு அவர் தோட்டத்து ஓரமா ரெண்டு வைக்கலாம்னு இருக்கோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!