விகுதி காதில் விழாத மொழி

மார்ச் 3, 2025, திங்கள்

பாரிஸில் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆகியும், பிரெஞ்சு வினைச்சொற்களை அட்டவணையாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேனே தவிர, அவை ஒலிக்கும் விதத்தைக் கவனித்ததில்லை. 'பேசு' என்னும் பொருளுடைய 'பார்லே'யின் நிகழ்கால வடிவங்களை இன்று மாலை உரக்கப் படித்தேன். தாளில் ஐந்து விதமான எழுத்துக்கூட்டல். வாயிலோ 'பார்ல்', 'பார்லோன்', 'பார்லே' என மூன்றே ஒலிகள். நான், நீ, அவன், அவர்கள் என எல்லாருக்கும் அதே 'பார்ல்'தான். 'அவர்கள்' வடிவத்தின் ஈற்றில் மூன்று எழுத்துகள் நின்றும் ஒன்றுகூட ஒலிப்பதில்லை.

தமிழில் 'பேசுகிறேன்' என்றால் 'நான்' அதன் விகுதியிலேயே அடங்கியிருப்பதால், எழுவாயை வெளியே சொல்லாமல் விட்டு, அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயரும் வைத்திருக்கிறோம். பிரெஞ்சில் விகுதி காதில் விழாததால், ஆள் யாரென்பதை 'ழெ' (நான்), 'த்யு' (நீ), 'இல்' (அவன்) ஆகியவை முன்னால் நின்று அறிவிக்க வேண்டியிருக்கிறது. நான் அவற்றை விழுங்கிவிட்டுப் பேசிவந்ததால்தான் கேட்பவர்கள் "யார்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

மேல்மாடிக் குடும்பத்தாருக்கு இரண்டு பிள்ளைகள் என்று பக்கத்து வீட்டு அம்மையாரிடம் சொல்ல நினைத்து, அவர்களே இரண்டு பிள்ளைகள் என்று சொல்லிவிட்டேன். 'இரு' என்னும் 'எத்ர்', உடைமையைச் சொல்லும் 'அவ்வார்' ஆகிய இரண்டின் படர்க்கைப் பன்மையையும் தமிழ் எழுத்தில் 'இல் ஸோன்' என்றே எழுத முடிகிறது; சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. 'இருக்கிறார்கள்' என்பதன் 'ஸ்' காற்றாக மட்டும் வரும். 'உடையவர்கள்' என்பதில் அது வண்டின் ரீங்காரம்போலத் தொண்டையை அதிரச் செய்யும். இந்த இரண்டாவது 'ஸ்', 'அவர்கள்' என்னும் சொல்லின் கடைசியில் ஊமையாக இருந்து, அடுத்து உயிர் வந்ததும் ஒலிபெறுவது. புணர்ச்சி இலக்கணம் படித்தவருக்கு இது அந்நியமன்று. 'போகிறானா?' என்று கேட்கும்போது 'போகிறான்' என்னும் 'வா'வுக்கும் 'அவன்' என்னும் 'இல்'லுக்கும் நடுவே ஒரு 'த்' தோன்றுவது நம் உடம்படுமெய்யை நினைவூட்டியது.

'அவ்வார்' நமக்குக் கடினமாக இருப்பதற்குக் காரணம், பேச்சுத் தமிழில் உடைமைக்குத் தனி வினை இல்லாததுதான். பசியையும் வயதையும் நாம் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். பிரெஞ்சுக்காரரோ பசியை உடையவராகவும் நாற்பது ஆண்டுகளை உடையவராகவும் பேசுகிறார்.

மார்ச் 6, வியாழன்

'நீங்கள்' வடிவம் 'ஏ' ஒலியில் முடியும். இருக்கிறீர்கள், செய்கிறீர்கள், சொல்கிறீர்கள் என்னும் 'எத்', 'ஃபெத்', 'தித்' மட்டுமே விலக்கு. அன்றாடம் கடைகளில் காதில் விழுபவையும் இவையே.

மார்ச் 11, செவ்வாய்

மகளின் பள்ளியில் சொல்வதெழுதுதல். போதல், போகிறீர்கள், போன என்னும் மூன்றும் 'அலே' என்றே ஒலிப்பதால், எழுத்தில் எதை இடுவதென்று பிரெஞ்சுக் குழந்தைகளும் தடுமாறுகிறார்கள். அந்த இடத்தில் 'விற்றல்' என்னும் வினையை வைத்துப் பார்க்கும்படி அவளுக்குக் கற்பித்திருக்கிறார்கள்: 'வாந்த்ர்' பொருந்தினால் அது வினையின் பெயர் வடிவம், 'வாந்த்யு' பொருந்தினால் எச்சம். எந்த அட்டவணையும் எனக்கு இவ்வளவு உதவியதில்லை.

போ, வா, பிற, இற முதலிய சில வினைகள் இறந்தகாலத்தில் 'எத்ர்' துணையோடு வரும்போது, எழுவாய் பெண்ணானால் எச்சத்தில் ஓர் எழுத்து கூடுகிறது. 'போனாள்' என்பதில் அது கண்ணுக்கு மட்டும் தெரியும். 'இறந்தான்', 'இறந்தாள்' என்பவற்றில் 'மோர்', 'மோர்த்' என்று காதுக்கும் தெரியும்.

மார்ச் 20, வியாழன்

'போ' என்னும் வினையின் நிகழ்கால 'வே'யும் எதிர்கால 'இரே'யும் லத்தீனின் இரு வேறு வினைகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. 'போகிறோம்' என்னும் 'அலோன்' எங்கிருந்து வந்ததென்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. என்னை இன்று நெடுநேரம் உட்கார வைத்ததோ எதிர்கால விகுதி. அது 'அவ்வா'ரின் நிகழ்காலமே: 'பேசுவேன்' என்னும் 'பார்லரே', பேச்சு லத்தீனில் 'பேசுதலை உடையேன்' என்று இரு சொற்களாக நின்று, பின் ஒன்றாக இறுகியது. 'இருப்பேன்', 'செய்வேன்', 'போவேன்' என்பவை 'ஸெரே', 'ஃபெரே', 'இரே' என்று முன்பகுதியில் எப்படி மாறினாலும் ஈறு மாறுவதில்லை.

மாலையில் படிக்கட்டில் அம்மையாரைச் சந்தித்தபோது, ஞாயிறன்று சந்தைக்குப் போவேன் என்பதை, 'நான்' விழாதபடி, 'ழிரே' என்று தொடங்கிச் சொன்னேன். அவர் "யார்?" என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.